மணிக்கு நகம் வெட்டும் நாள்

வீட்டு டைல்ஸில் எங்கள் நாய் மணி நடக்கும்போது டக் டக்கென்று சத்தம் கேட்டால் நகம் வளர்ந்துவிட்டது என்று அர்த்தம். மற்ற நகமெல்லாம் ரோட்டில் ஓடி ஓரளவு தேய்ந்துவிடும், ஆனால் முன்னங்காலில் உள்பக்கமாக, கொஞ்சம் மேலே இருக்கிற அந்தக் கட்டைவிரல் நகம் தரையில் படவே படாது, கவனிக்காமல் விட்டால் வளைந்து வளைந்து சதைக்குள்ளேயே இறங்கிவிடும். போன வருடம் அப்படித்தான் ஆனது. அவன் காலை நக்கிக்கொண்டே இருந்ததை இரண்டு நாள் கழித்துத்தான் கவனித்தேன், இன்னும் மனசு ஆறவில்லை.

வெள்ளை நகம் என்றால் உள்ளே ரத்தக்குழாய் ரோஸ் நிறத்தில் தெரியும், அதற்கு 2 மில்லிமீட்டர் முன்னாலேயே நிறுத்திவிடலாம். கறுப்பு நகம்தான் கஷ்டம். துளித்துளியாக வெட்டி, ஒவ்வொரு தடவையும் வெட்டிய இடத்தைப் பாருங்கள், நடுவில் ஈரமான கரும்புள்ளி தெரிந்தால் அதோடு சரி. நாய்க்கென்று விற்கும் நகவெட்டிதான் வேண்டும், நம்முடையது நகத்தை நசுக்கிப் பிளந்துவிடும்.

ரத்தம் வந்தால் பதறாதீர்கள். சோள மாவை (கார்ன்ஃப்ளோர்) நுனியில் அப்பி 5 நிமிடம் அழுத்திப் பிடியுங்கள், நடுவில் கையை எடுத்துப் பார்க்காமல். 20 நிமிடம் ஆகியும் நிற்கவில்லை என்றால் கால்நடை மருத்துவரிடம் போய்விடுங்கள்.

அப்புறம், நாலு காலையும் ஒரே நாளில் முடிக்க வேண்டியதில்லை. இன்றைக்கு இடது முன்னங்கால் மட்டும் முடிந்தது, ஒவ்வொரு நகத்துக்கும் ஒரு துண்டு அவித்த முட்டை.