கடல் விட்டால்: ஒரு கொப்பியும் ஒரு பாயும்

‘நாளைக்குக் கடல் விட்டால் போவம்’ என்று திருகோணமலைக் கடற்கரையில் ஒருவர் சொன்னால் அது சோம்பல் பேச்சு இல்லை. வலை பொத்தியாயிற்று, எஞ்சினுக்கு எண்ணெய் வாங்கியாயிற்று, ஐஸுக்கும் சொல்லியாயிற்று. மிச்சம்தான் கடலின் கையில். இதையே கிண்ணியாவிலும் மூதூரிலும் ‘இன்ஷா அல்லாஹ்’ என்பார்கள். எதுவும் தடுக்காவிட்டால் கப்பலேறுவேன் என்ற நினைப்போடு திட்டம் போடச் சொன்ன உரோமைய ஸ்டோயிக் தத்துவஞானி செனெக்காவும் இவர்கள் பக்கம்தான். அந்த ஸ்டோயிக் முறையையும் ஜென் முறையையும் வைத்து அன்றாட அலுவலைக் குறைப்பதுதான் இங்கே பேச்சு.

ஸ்டோவா என்றால் தூண்கள் வைத்த விறாந்தை. கி.மு. 300 அளவில் ஏதென்ஸில் அப்படியொரு விறாந்தையில் சீனோ என்பவர் தத்துவம் படிப்பித்ததால் வந்த பெயர் ஸ்டோயிக். ஜென் என்பது பௌத்தத் தியான மரபு. தியானம் என்ற சொல்தான் சீனாவில் ‘ச்சான்’ ஆகி, ஜப்பானில் ‘ஜென்’ ஆனது. இரண்டிலும் பொன்மொழி பொறுக்கி ஸ்டேட்டஸ் போடுவது சுலபம். அலுவல் குறைய வேணுமென்றால் ஸ்டோயிக் முறைக்குக் கொப்பி வேணும், ஜென்னுக்குப் பாய் வேணும்.

கொப்பி விடியக் காலமைக்கு. ஒரு பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரியுங்கள். இடப்பக்கம் நம் கையில் உள்ளவை, வலப்பக்கம் இல்லாதவை. அடிமையாகப் பிறந்த எபிக்டெட்டஸின் கைநூல் இந்தப் பிரிப்போடுதான் தொடங்குகிறது. நம் எண்ணம், விருப்பு, வெறுப்பு, முயற்சி ஆகியவை நம்முடையவை. உடம்பு, சொத்து, பெயர், பதவி ஆகியவை அல்ல.

பிழை விடுகிற இடம் ஒன்று உண்டு. முழு அலுவலையும் தூக்கி ஒரே பக்கத்தில் போட்டுவிடுகிறார்கள். ‘மகள் ஓ.எல். பரீட்சை பாஸ் பண்ண வேணும்’ என்று இடப்பக்கம் எழுதினால் வீடு முழுக்கப் பதற்றம். வலப்பக்கம் எழுதினால் ‘அது அவள் பாடு’ என்ற சாட்டு. அதை உடைக்க வேணும். பெறுபேறு வலப்பக்கம், இரவு 7 முதல் 7.30 வரை ஃபோனை அடுத்த அறையில் வைத்துவிட்டு அவளுக்குப் பக்கத்தில் இருப்பது இடப்பக்கம். கந்தோரில் கடிதம் கையெழுத்தாவது வலப்பக்கம். பத்திரங்களைப் பிரதி எடுத்து, 9 மணிக்கு முன் வரிசையில் நிற்பது இடப்பக்கம். உடைத்த பிறகு இடப்பக்கத்தில் 5 வரிக்கு மேல் நின்றால் மிச்சத்தை நாளைக்குத் தள்ளுங்கள். வலப்பக்கத்தைத் திரும்ப வாசிக்கவே வேண்டாம், அது எழுதி இறக்கிவைக்க மட்டும்.

இரவில் அதே கொப்பிக்கு 5 நிமிடம். விளக்கை அணைத்து மனைவியும் பேச்சை நிறுத்திய பிறகு அன்றைய நாளை ஒருமுறை விசாரிப்பதாகச் செனெக்கா எழுதியிருக்கிறார். விசாரணை முடிந்ததும் ‘இனிச் செய்யாதே, இம்முறை மன்னித்தேன்’ என்று தனக்குத்தானே சொல்லியும் விடுகிறார். நம்மவர்கள் இந்தப் பிற்பாதியை விட்டுவிட்டு முற்பாதியை மட்டும் செய்கிறார்கள். அது குற்றப்பத்திரிகை ஆகி, நித்திரையும் போய்விடும்.

இனிப் பாய். பாயின் மேல் கெட்டியான தலையணையை இரண்டாக மடித்து வையுங்கள். இடுப்பு முழங்காலை விட உயரமாக இருக்க வேணும், இல்லாவிட்டால் முதுகு வளைந்து 5 நிமிடத்தில் நோகும். முழங்கால் நிலத்தைத் தொடாதவர்கள் கதிரையில் சாயாமல் இருக்கலாம். கண் பாதி திறந்து, பார்வை ஒரு மீற்றர் முன்னே நிலத்தில். மூடினால் நித்திரை வரும். வெளிமூச்சை 1 முதல் 10 வரை எண்ணி, திரும்ப 1. பத்தைத் தாண்டிப் 17இல் நிற்பதைக் கண்டால் மனம் எங்கோ போய்விட்டது. கோபப்படாமல் 1க்கு வாருங்கள். அந்தத் திரும்பி வருதல்தான் பயிற்சி. முதல் மாதம் 10 நிமிடம் போதும். வெக்கையான கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் காலை 6 மணிக்கு முன்னரே இருந்துவிடுங்கள், பிறகு வேர்வையைத்தான் எண்ண வேண்டிவரும். கால் விறைத்திருந்தால் உடனே எழும்பாதீர்கள், விழுந்துவிடுவீர்கள்.

பாயில் இருக்கும்போது கொப்பி பக்கத்தில் வேண்டாம். ஸ்டோயிக் முறை எதையும் தரம் பிரிக்கும், ஜென் இருப்பு தரம் பிரிப்பதையே கொஞ்ச நேரம் நிறுத்தும். இரண்டையும் ஒரே பத்து நிமிடத்தில் செய்தால் ஒன்றும் நடக்காது.

பாயை விட்டு எழும்பிய பிறகும் ஜென் தொடரும். 1223இல் சீனா போன டோகென் என்ற ஜப்பானியத் துறவி, கொதிக்கும் வெயிலில் காளான் காயப்போட்டுக்கொண்டிருந்த 68 வயதுச் சமையற்காரத் துறவியைக் கண்டார். வேறு ஆட்களிடம் விடலாமே என்று கேட்டதற்கு, ‘மற்றவர்கள் நான் அல்ல’ என்றாராம் கிழவர். இந்த வெயிலில் எதற்கு என்றால், ‘வேறு எந்த நேரத்துக்குக் காத்திருப்பது?’ கருவாடு காயப்போடுகிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அரிசி களைகிற 3 நிமிடம் அரிசியை மட்டும் களைவது, அவ்வளவுதான். நாளுக்கு ஒரு வேலையை இப்படிச் செய்தால் போதும், எல்லாவற்றையும் செய்யப் போனால் அதுவே இன்னொரு அலுவல் ஆகிவிடும்.

ஸ்டோயிக் பயிற்சி ஒன்றை மட்டும் இங்கே எல்லோருக்கும் சொல்ல மாட்டேன். வரக்கூடிய இழப்புகளை முன்கூட்டியே மனதில் காண்பது. போரையும் 2004 டிசம்பர் 26 சுனாமியையும் கண்டவர்களிடம் கண்ணை மூடி இழப்பை நினை என்று சொல்வது கொடுமை. அவர்கள் அதைத் தாண்டிப் போகலாம், முறை ஒன்றும் குறையாது.

கடைசியாக ஃபோன். வட்ஸ்அப் குழுக்களை மட்டும் மௌனமாக்குங்கள். அழைப்பு மணியை நிறுத்த வேண்டாம், இரவில் ஆஸ்பத்திரி அவசரம் வந்தால் தெரியாமல் போய்விடும். குழுக்களைப் பார்க்க மதியம் ஒருமுறை, இரவு ஒருமுறை. வெளிநாட்டுச் சொந்தங்கள்தான் நேரம் கெட்ட நேரத்தில் எடுப்பார்கள். அவர்களுக்கு ஞாயிறு பின்னேரம் 7 மணி என்று ஒரே நேரம் சொல்லிவிடுங்கள். கோடையில் அது லண்டனில் பிற்பகல் 2.30, ரொறன்ரோவில் காலை 9.30. ஒக்டோபர் கடைசி ஞாயிறு லண்டனிலும், நவம்பர் முதல் ஞாயிறு ரொறன்ரோவிலும் கடிகாரம் ஒரு மணி பின்னால் போகும். நம் 7 மணியை மாற்றாதீர்கள், அவர்களே 1.30க்கும் 8.30க்கும் எடுக்கட்டும்.