பாளயத்துக்குப் புறம்பே: லெந்துகால நாட்குறிப்பு

மார்ச் 5, 2025, சாம்பல் புதன்

ஈஸ்டருக்கு முந்தைய உபவாசகாலமான லெந்து தொடங்கிவிட்டது. பழைய காலத்து மேற்கத்திய திருச்சபையில் இந்த நாளுக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. ஊரறியப் பெரும் பாவம் செய்தவர்களை இன்று ஆலயத்தைவிட்டு வெளியே அனுப்புவார்கள். உபவாசமும் மன்றாட்டுமாக இருந்துவிட்டு ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வியாழன் அன்று திரும்பி வருவார்கள். பேராயர் அவர்களை மறுபடியும் ஆலயத்துக்குள் சேர்த்துக்கொள்வார். வெளியே போகிறவர்களுக்கு, உள்ளே வரும் நாள் எது என்பது போகும்போதே தெரியும்.

எங்கள் தெரு அக்காவுக்கு அப்படி எந்த நாளும் சொல்லப்படவில்லை. தண்டையார்பேட்டையில் நாஷ்டா கடை வைத்திருப்பவர். ஜனவரியில் அவர் மகள் ஓர் இந்துப் பையனை ரிஜிஸ்டர் ஆபீஸில் கல்யாணம் செய்துகொண்டாள். எங்கள் சபைக் கமிட்டி கூடி, அக்காவுக்கு இனி திருவிருந்து (ஆராதனையில் தரும் அப்பமும் ரசமும்) இல்லை, பெண்கள் சங்கத்தில் பொறுப்பும் இல்லை என்று தீர்மானம் போட்டது. அதை ஒருவர் போனில் சொன்னார். அவ்வளவுதான்.

மார்ச் 9, ஞாயிறு

சபை ஒழுக்கம் என்றாலே மத்தேயு 18-ஐத்தான் எடுத்துக் காட்டுகிறார்கள். சரி, அதையே பார்ப்போம். உன் சகோதரன் குற்றம் செய்தால் முதலில் நீ தனியே போய்ப் பேசு. கேட்கவில்லையென்றால் ஒன்றிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போ. அதற்கும் கேட்கவில்லையென்றால்தான் சபைக்குச் சொல். சபைக்கும் செவிகொடாவிட்டால் "அவன் உனக்கு அஞ்ஞானியைப்போலவும் ஆயக்காரனைப்போலவும் இருப்பானாக." எங்கள் கமிட்டி கடைசி வாக்கியத்தில் ஆரம்பித்து அதிலேயே முடித்துவிட்டது. அக்கா வீட்டுப் படியை ஒருவரும் மிதிக்கவில்லை.

அதோடு, ஆயக்காரரை, அதாவது வரி வசூலிப்பவர்களை, இயேசு எப்படி நடத்தினார்? இந்த வசனம் வரும் சுவிசேஷத்துக்குப் பெயர் கொடுத்த மத்தேயுவே சுங்கச்சாவடியிலிருந்து அழைக்கப்பட்டவர். இயேசு அவர் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டார்.

இன்னொன்றும் மனதை உறுத்துகிறது. கல்யாணம் மகளுடையது, தண்டனை அம்மாவுக்கு. பிள்ளையின் அக்கிரமத்தைப் பெற்றவர் சுமப்பதில்லை என்று எசேக்கியேல் 18 பளிச்சென்று சொல்கிறது. அந்தக் கல்யாணத்தை அக்கிரமம் என்று நான் ஒப்புக்கொள்ளவில்லை. அப்படியே வைத்துக்கொண்டாலும் இந்தத் தீர்மானம் நிற்காது.

மார்ச் 15

விலக்கம் என்பதே கூடாது என்று நான் சொல்லவில்லை. கொரிந்து சபையில் ஒருவன் தன் தகப்பனுடைய மனைவியோடு வாழ்ந்தான். சபை அதைப் பெருமையாகவே நினைத்தது. அவனை உங்களைவிட்டுத் தள்ளிப்போடுங்கள் என்று பவுல் கடுமையாக எழுதினார். ஒருவர் இன்னொருவரைச் சீரழிக்கும்போது சபை வாயை மூடிக்கொண்டிருந்தால் அடிபட்டவரைத்தான் அது கைவிடுகிறது. ஆனால் அங்கேயும் பவுல் சொல்லும் நோக்கம் அவனுடைய ஆவி இரட்சிக்கப்பட வேண்டும் என்பது. இரண்டாம் நிருபத்தில், தண்டிக்கப்பட்ட ஒருவனைப் பற்றி, போதும், மன்னியுங்கள், ஆறுதல் சொல்லுங்கள், இல்லாவிட்டால் துக்கமே அவனை விழுங்கிவிடும் என்கிறார். அதே ஆள்தானா, வேறு ஒருவனா என்று அறிஞர்கள் வாதாடுகிறார்கள். பவுலின் மனம் எந்தப் பக்கம் என்பதில் வாதாட எதுவும் இல்லை.

பேராயர்கள் கூடிய நிசேயா சங்கத்துக்கு இந்த வருஷம் 1700 வயது. விசுவாசப் பிரமாணத்துக்காக அதை எல்லாரும் கொண்டாடுகிறோம். 325-இல் அதே சங்கம் விதிகளும் எழுதியது. ரோமப் பேரரசன் லிசினியஸ் காலத்தில் வற்புறுத்தல் இல்லாமலே விசுவாசத்தை மறுதலித்தவர்கள் மனம் திரும்பினால், 3 வருஷம் வசனம் கேட்பவர்களோடு, 7 வருஷம் முழங்காலில் நிற்பவர்களோடு, 2 வருஷம் திருவிருந்து இல்லாமல் ஜெபத்தில் மட்டும். மொத்தம் 12 வருஷம். படிக்கவே மூச்சு முட்டுகிறது. ஆனால் ஒவ்வொரு கட்டமும் உள்நோக்கி நகர்கிறது. 13-ஆம் விதி அதைவிட முக்கியம்: சாகக் கிடக்கிறவன் கேட்டால் நற்கருணையை, அதாவது திருவிருந்தை, மறுக்கக்கூடாது.

மார்ச் 23, ஞாயிறு

சாயங்காலம் அக்கா கடைக்குப் போனேன். மறுநாள் சாம்பாருக்குச் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஸ்டூலை இழுத்துப் போட்டார். கொஞ்ச நேரம் விலைவாசி பேசினோம். அப்புறம் அவரே கேட்டார்.

"டீச்சர், நான் செத்தா காசிமேட்டுல எடம் குடுப்பாங்களா? எங்க ஊட்டுக்காரரு அங்கதான் கீறாரு. ஐயர் வந்து ஜெபம் பண்ணுவாரா?"

ஐயர் என்று அவர் சொன்னது எங்கள் சபை ஆயரை. எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. திருவிருந்தை நிறுத்தியவர்களுக்கு அது ஓர் அடையாள நடவடிக்கை. இவர் அதைக் கல்லறைவரைக்கும் கொண்டுபோய் யோசித்திருக்கிறார். அடுத்த கேள்வி இன்னும் சின்னக் குரலில் வந்தது. "ஆண்டவரும் என்னைத் தள்ளிட்டாரா?"

இல்லக்கா, என்றேன். கமிட்டி மினிட்ஸ் புத்தகம், இரட்சிக்கப்பட்டவர்களின் பெயர்களை ஆண்டவர் எழுதி வைத்திருக்கும் ஜீவபுஸ்தகம் ஆகாது என்றேன். தேவனுடைய அன்பைவிட்டு எதுவும் நம்மைப் பிரிக்காது என்னும் ரோமர் 8-இன் கடைசி வசனங்களைச் சொல்ல ஆரம்பித்தால் அவர் சங்கீதம் 139-க்குப் போய்விட்டார். "நான் பாதாளத்தில் படுக்கை போட்டாலும், நீர் அங்கேயும் இருக்கிறீர்." மனப்பாடமாக, வெங்காயத்திலிருந்து கை எடுக்காமல்.

இரவு வீட்டில் யோசித்தேன். நரகத்தை என்ன செய்வது? நான் அதை மறுக்கவில்லை. கத்தோலிக்கரின் மறைக்கல்வி ஏடு அதை, ஒருவர் கடவுளோடும் பேறுபெற்றோரோடும் உள்ள உறவிலிருந்து தன்னைத்தானே முடிவாக விலக்கிக்கொள்ளும் நிலை என்கிறது. அந்த விளக்கம் எனக்குச் சரியாகப் படுகிறது. கதவைச் சாத்தும் கை உள்ளே இருப்பவருடையது; கமிட்டிக்கு அதில் வேலை இல்லை. "புறம்பான இருள்" முதலில் வரும் மத்தேயு 8-ஐ எடுத்துப் பார்த்தேன். அங்கே வெளியே தள்ளப்படுகிறவர்கள் ராஜ்யத்தின் புத்திரர், அதாவது தங்களுக்கு இடம் உறுதி என்று நினைத்தவர்கள். கிழக்கிலும் மேற்கிலுமிருந்து வந்த அந்நியர்கள் பந்தியில் இருக்கிறார்கள். இதை என் சண்டே ஸ்கூல் பிள்ளைகளுக்கு இந்த வருஷம் கட்டாயம் சொல்வேன்.

மார்ச் 30

நம் நாட்டுச் சபை வரலாற்றில் வெளியே நிறுத்தப்பட்டவர்களில் பெரும்பாலோர் எந்தப் பாவமும் செய்யாதவர்கள். சாதிக்காக நிறுத்தப்பட்டவர்கள். தனிப் பாத்திரம், தனி வரிசை, தனிக் கல்லறை, வடக்கன்குளம் கோயிலுக்குள் சாதிகளைப் பிரிக்க எழுப்பிய சுவர். 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபையில் சாதி வேற்றுமையை உடனே ஒழிக்க வேண்டும் என்று எழுதினார். ஒன்றாக உட்காருவதைவிட வெளியேறுவதே மேல் என்று தஞ்சாவூரில் பலர் சபையைவிட்டே போனார்கள். மகள் வேறு மதத்தில் கட்டினாள் என்று கொதிப்பவர்கள், தங்கள் பிள்ளைக்கு வரன் தேடும்போது சபைக்குள்ளேயே சாதி பார்ப்பதை நானே கேட்டிருக்கிறேன். அதற்கு இதுவரை ஒரு தீர்மானமும் வரவில்லை.

ஏப்ரல் 9, புதன்

வீட்டு ஜெபக்கூட்டத்தில் எண்ணாகமம் 12 வாசித்தோம். மிரியாம் தன் தம்பி மோசேக்கு விரோதமாகப் பேசுகிறாள். பேச்சுக்குக் காரணம் மோசே கட்டிய எத்தியோப்பியப் பெண். அதாவது அங்கேயும் வேற்றினக் கல்யாணம்தான் பிரச்சினை. தண்டனை வந்தது அதைக் குறைசொன்னவளுக்கு. குஷ்டம் பிடித்து ஏழு நாள் பாளயத்துக்கு, அதாவது ஜனங்கள் கூடாரமிட்டிருந்த இடத்துக்கு, புறம்பே வைக்கப்படுகிறாள். இதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்த கதை. யாரும் நின்று பார்க்காத வரி அதற்கடுத்தது: மிரியாம் திரும்பச் சேர்த்துக்கொள்ளப்படும்வரை ஜனங்கள் பிரயாணம் பண்ணவில்லை.

கூடாரம், ஆடுமாடு, குழந்தை குட்டி, உடன்படிக்கைப் பெட்டி எல்லாம் ஒரு பெண்ணுக்காக வனாந்தரத்தில் நின்றிருக்கிறது. நாமோ ஜனவரியிலிருந்து நிற்காமல் போய்க்கொண்டிருக்கிறோம்.

வாசித்து முடித்ததும் சங்கத்துப் பெண்கள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு ஒருத்தி, "அப்போ நாமளும் நிக்கலாமே" என்றாள்.

ஏப்ரல் 17, பெரிய வியாழன்

இரவு திருவிருந்து ஆராதனை. அக்கா எப்போதும்போல் கடைசி பெஞ்சில். எங்கள் வரிசை எழும்ப வேண்டிய நேரத்தில் நாங்கள் சிலர் எழும்பாமல் உட்கார்ந்திருந்தோம். பின்வரிசைக்காரர்கள் தயங்கி, எங்கள் முழங்காலைத் தாண்டி முன்னே போனார்கள். ஐயர் தட்டை ஏந்தியபடி எங்கள் பக்கம் பார்த்தார். எனக்கு உடம்பு நடுங்கியது. திருவிருந்தை வேண்டாமென்று நாங்கள் தள்ளவில்லை. அக்காவோடு சேர்ந்து பசித்திருந்தோம்.

ஆராதனை முடிந்ததும் ஐயர் கேட்டார், எண்ணாகமத்தைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "பண்டிகை முடியட்டும், நானே அந்த அம்மா வீட்டுக்கு வர்றேன்" என்றார்.

ஏப்ரல் 22, செவ்வாய்

நேற்று போப் பிரான்சிஸ் இறந்துவிட்டார். எதிர்வீட்டு கத்தோலிக்கக் குடும்பம் வாசலில் படம் வைத்து மெழுகுவத்தி ஏற்றியிருக்கிறது. நற்கருணை என்பது நிறைவானவர்களுக்கான பரிசல்ல, பலவீனருக்கான மருந்தும் உணவும் என்று 2013-இல் அவர் எழுதியதை அந்த வீட்டுப் பெரியவரிடம் சொன்னேன். கண் கலங்கினார்.

இன்று சாயங்காலம் ஐயர் வந்தார். அக்கா கடையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தார். மகளும் மருமகனும் வந்திருந்தார்கள். யாரும் மன்னிப்புக் கேட்கச் சொல்லவில்லை. தீர்மானத்தை ரத்து செய்யக் கமிட்டிதான் வாக்களிக்க வேண்டுமாம். அடுத்த கூட்டத்தில் தானே எடுத்துப் பேசுவதாகச் சொன்னார். கமிட்டியில் இரண்டு பேர் பிடிவாதமாக இருப்பார்கள் என்பது எங்களுக்குத் தெரியும்.

சங்கத்தின் சார்பில் நான் கடிதம் எழுதிவிட்டேன். அக்காவுக்குத் திருவிருந்தை உடனே தர வேண்டும். இனி யாரையும் விலக்குவதற்கு முன் ஆயர் அவர் வீட்டுக்கு நேரில் போக வேண்டும். விலக்கினால், எந்தத் தேதியில் மறுபடி பார்ப்போம் என்பதையும் அதே தீர்மானத்தில் எழுத வேண்டும். பிள்ளைக்காகப் பெற்றவரை ஒருபோதும் விலக்கக் கூடாது. கையெழுத்து வாங்க நாளைக்கு வீடு வீடாகப் போகிறோம்.