கிளாக் வேகத்தை அமைக்கும் முன் கேட்டறிதல்

லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கர்னலில், ஒரு சாதனத்தை இயக்கும் மென்பொருளான டிரைவர், அந்தச் சாதனத்துக்குத் துடிப்புகளைத் தரும் கிளாக்கின் வேகத்தை அமைக்க கிளாக் செட் ரேட் ஃபங்ஷனை அழைத்து அது சுழியத்தைத் திருப்பித் தந்துவிட்டால், கேட்ட வேகம் அப்படியே கிடைத்துவிட்டதாகப் பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். வன்பொருளால் இயன்ற ஏதோ ஒரு வேகம் அமைக்கப்பட்டது என்பதற்கு மேல் அந்தச் சுழியத்துக்குப் பொருள் இல்லை. 24 மெகாஹெர்ட்ஸ் மூலக் கிளாக்கை முழு எண்களால் மட்டுமே வகுக்கத் தெரிந்த டிவைடரிடம், 48 கிலோஹெர்ட்ஸ் ஒலியின் 256 மடங்கான 12.288 மெகாஹெர்ட்ஸைக் கேட்டால், அது இரண்டால் வகுத்து 12 மெகாஹெர்ட்ஸை அமைத்துவிட்டு, பிழை எதுவும் தெரிவிக்காமல் திரும்பும். ஒலியோ இரண்டு சதவீதத்துக்கும் மேல் மெதுவாக ஓடும்.

இதற்காகத்தான் கிளாக் ரவுண்ட் ரேட் இருக்கிறது. இந்த வேகத்தைக் கேட்டால் உண்மையில் எது கிடைக்கும் என்பதை, வன்பொருளைத் தொடாமலேயே அது சொல்லிவிடும். அது தரும் விடை குறியுள்ள எண் (எதிர்மறையாகவும் இருக்கக்கூடியது) என்பதைப் பலர் மறந்து, குறியற்ற மாறியில் வாங்கிவிடுகிறார்கள். அப்போது பிழையைக் குறிக்கும் எதிர்மறை எண் மாபெரும் வேகமாக உருமாறி, ‘குறைந்தபட்ச வேகம் உண்டா’ என்ற சோதனையில் எளிதாகத் தேறிவிடும்.

கிடைத்த விடையைக் கேட்ட வேகத்தோடு எப்படி ஒப்பிடுவது என்பதே கடினமான கேள்வி. இரண்டும் சமமா என்று மட்டும் பார்ப்பது, என் கருத்தில், பார்க்காமல் விடுவதைப் போலவே தவறானது. திரை வகை (தெளிவும் புதுப்பிப்பு வேகமும் சேர்ந்த அமைப்பு) ஒன்றின் கிளாக் 74.25 மெகாஹெர்ட்ஸை 1.001 ஆல் வகுத்து வருவது. கர்னல் அதை 74176 கிலோஹெர்ட்ஸ் என்று முழுமையாக்கி வைத்திருப்பதால், சரியான வேகத்தைத் தரும் வன்பொருள்கூடச் சமச் சோதனையில் தோற்றுவிடும். எச்டிஎம்ஐ தரநிலை அரை சதவீத விலகலை ஏற்கிறது. அந்த வரம்பை டிரைவரே சோதித்து, பொருந்தாத திரை வகைகளைப் பயனருக்குக் காட்டுவதற்கு முன்பே விலக்கிவிட வேண்டும். சீரியல் போர்ட்டிலும் இதே கதைதான்: 115200 பாட் (தரவு அனுப்பும் வேக அலகு) வேகத்துக்கு வேண்டிய 1.8432 மெகாஹெர்ட்ஸுக்கு, 24 மெகாஹெர்ட்ஸை 13 ஆல் வகுத்தால் வரும் விலகல் ஏறத்தாழ 0.16 சதவீதம் என்பதால் தாராளமாக ஏற்கலாம். எவ்வளவு விலகல் தாங்கும் என்பது கிளாக் கட்டமைப்புக்குத் தெரியாது, சாதனத்தின் டிரைவருக்குத்தான் தெரியும்.

எந்தப் பக்கம் முழுமையாக்குவது என்பதும் கிளாக்கைத் தரும் டிரைவரின் முடிவே. கர்னலின் பொது டிவைடர் இயல்பாகக் கேட்ட வேகத்தைத் தாண்டாதபடி கீழ்நோக்கியே செல்லும். உச்ச வரம்புள்ள மெமரி கார்டுக்கு இது நல்லது, ஒலிக்கு நல்லதல்ல. அருகிலுள்ள வேகமே வேண்டுமெனில் அதற்கான கொடியை (ஃபிளாக் எனும் தேர்வுக் குறியை) தர வேண்டும்.

டிரைவர் தொடங்கும்போது கிடைத்த விடை எப்போதும் செல்லும் என்றும் கொள்ளலாகாது. ஒரே பிஎல்எல்லை (மூலக் கிளாக்கிலிருந்து வேறு வேகங்களை உருவாக்கும் சுற்றை) பகிரும் மற்றொரு சாதனம் பின்னர் அதன் வேகத்தை மாற்றினால் நம் வேகமும் மாறும். அத்தகைய இடங்களில் வேகத்தைத் தனியுரிமையாகப் பிடித்துவைக்கும் ஃபங்ஷனைப் பயன்படுத்துவதும், அமைத்த பிறகு கிளாக் கெட் ரேட் மூலம் மீண்டும் சரிபார்ப்பதும் தேவை.