பிக் தீஃப்: பாதியில் நிறுத்திய குழு

பிக் தீஃப் என்ற அமெரிக்க ராக் குழுவை 2019ஆம் ஆண்டு முதன்முதலாகக் கேட்டபோது பாதிப் பாட்டிலேயே நிறுத்திவிட்டேன். பாடகர் ஏட்ரியன் லெங்கரின் குரல் எந்த நொடியும் உடைந்துவிடும் போலிருந்தது. கிட்டார்கள் ஆளுக்கொரு பக்கம் போவதாகத் தோன்றியது. புரூக்ளினிலிருந்து இன்னொரு குழு என்று முடிவுகட்டி ஒதுக்கிவைத்தேன். அது அவசரத் தீர்ப்பு என்று ஒப்புக்கொள்ள எனக்குச் சில ஆண்டுகள் பிடித்தன.

என் எண்ணத்தை மாற்றியது ‘நாட்’ என்ற ஒரு பாடல். 2019 மே மாதம் ‘யூ.எஃப்.ஓ.எஃப்.’, அக்டோபரில் ‘டூ ஹேண்ட்ஸ்’ என இரண்டு ஆல்பங்களை வெளியிட்டார்கள். முதலாவதை வாஷிங்டன் மாநிலத்தில் பதிவுசெய்த கையோடு டெக்சாஸ் பாலைநிலத்துக்குப் போய், பெரும்பாலும் குழுவின் நால்வரும் ஒருசேர வாசிக்க அப்படியே பதிந்ததுதான் இரண்டாவது. ‘நாட்’ அதில்தான் இருக்கிறது. அது இல்லை, இதுவும் இல்லை என்று வரிக்கு வரி மறுத்துக்கொண்டே போகும் குரல் ஒரு கட்டத்தில் கிட்டத்தட்டக் கத்தலாகிறது. சொல் தீர்ந்த இடத்தில் லெங்கரின் கிட்டார் தொடங்குகிறது. வித்தை காட்டும் வாசிப்பு அல்ல. தந்தி பிசிறடிக்கிறது, சுருதி நழுவப் பார்க்கிறது, டிரம்ஸ் அதை விடாமல் துரத்திக்கொண்டு கூடவே ஓடுகிறது. இவர்கள் ஒருவரையொருவர் எவ்வளவு உன்னிப்பாகக் கேட்கிறார்கள் என்பது அப்போதுதான் என் காதில் விழுந்தது.

ஆகவே 2024இல் பேஸ் கிட்டார் கலைஞர் மேக்ஸ் ஒலியார்ச்சிக் விலகியபோது எனக்குக் கவலையாகவே இருந்தது. 2025 செப்டம்பரில் வந்த ‘டபுள் இன்ஃபினிட்டி’ ஆல்பம் அந்தக் கவலையை நான் எதிர்பாராத வழியில் தீர்த்தது. லெங்கர், கிட்டார் கலைஞர் பக் மீக், டிரம்ஸ் கலைஞர் ஜேம்ஸ் கிரிவ்சேனியா ஆகிய எஞ்சிய மூவரும் நியூயார்க்கின் பவர் ஸ்டேஷன் ஸ்டுடியோவுக்கு இசைக்கலைஞர்களின் ஒரு சிறு கூட்டத்தையே அழைத்துவந்து வாசித்திருக்கிறார்கள். 2022இல் வந்த ஆல்பத்தில் 20 பாடல்கள். இதில் 9தான், ஆனால் ஒவ்வொன்றுக்குள்ளும் ஆள் நடமாட்டம் அதிகம். ‘கிராண்ட்மதர்’ பாடலில் எண்பது வயதைத் தாண்டிய இசைக்கலைஞர் லராஜியின் குரல் லெங்கரின் மெல்லிய குரலுக்குப் பின்னால் எழும்போது, பாட்டுக்கே வயது கூடிவிடுகிறது. முதல் பாடலான ‘இன்காம்ப்ரிஹென்சிபிள்’, 33 வயதை நெருங்கும் ஒருத்தி தோளில் விழும் நரைமுடியைப் பார்த்துத் தாயையும் பாட்டியையும் கொள்ளுப்பாட்டியையும் நினைத்துக்கொள்வது. முதுமையைப் பற்றி இவ்வளவு சந்தோஷமாக ஒலிக்கும் ராக் பாடலை நான் அதிகம் கேட்டதில்லை.

எனக்குக் குறையும் உண்டு. தாள வாத்தியங்கள் பெருகியதில் கிட்டார்கள் பல இடங்களில் அமுங்கிவிட்டன. ‘நாட்’ தந்த பிசிறை இங்கே தேடித் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. பேஸ் கிட்டாரின் ஒரே சுழற்சியில் நீளும் ‘நோ ஃபியர்’ இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. ஆனால் இந்த முறை பாதியில் நிறுத்தவில்லை.