சலமான்கா: செமஸ்டர் நாட்கள்

பிப்ரவரி 3, 2024, சனி

கோபுரங்களில் செங்கால் நாரைகள் வந்து இறங்கிவிட்டன. இன்று சான் பிளாஸ் திருநாள். சான் பிளாஸ் அன்று நாரையைப் பார்ப்பாய் என்று இங்கே ஸ்பெயினில் ஒரு பழமொழி. நான் தங்கியிருக்கும் வீட்டு அந்தம்மா சன்னலைத் திறந்து விரலை நீட்டிக் காட்டினார். குளிர் உள்ளே பாய்ந்தது. இருமினார். மூடினார். மதுரைக்காரிக்கு இந்தக் குளிரில் செங்கால் நாரையைப் பார்த்ததும் என்ன நினைவு வரும் என்று இங்கே யாரிடம் சொல்வது?

வட்ட மேசை, தரை வரை தொங்கும் கனத்த துணி, அடியில் ஹீட்டர். துணியை மடிமேல் இழுத்துவிட்டுக்கொண்டு இதை எழுதுகிறேன். இங்கிலீஷ் பேசுவதில்லை என்று ஸ்பானிஷ் வகுப்பில் எல்லோரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். தமிழைப் பற்றி அந்தத் தாளில் ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 6, செவ்வாய்

இரவுச் சாப்பாடு ஒன்பதரைக்கு. இப்போது எட்டேகால்.

பிப்ரவரி 9, வெள்ளி

மறுபடியும் அதே பேச்சு. "என்னை உஸ்தெத் என்று சொல்லாதே இஹா, நான் என்ன பேங்க் மேனேஜரா?" என்றார். இஹா என்றால் மகளே, தூ என்றால் நீ, உஸ்தெத் என்றால் நீங்கள். புரியாமல் இல்லை, வாய்தான் வரமாட்டேன் என்கிறது. எழுபதைத் தாண்டியவர். நான் அம்மாவை நீ என்றுதான் கூப்பிடுகிறேன், அப்பத்தாவையும். ஆனால் அது பிறந்ததிலிருந்தே கூட வந்த உரிமை. பெட்டியை இறக்கி வைத்த ஈரம்கூடக் காயாத வீட்டில், சோறு போடுகிற பெரிய மனுஷியை எப்படி நீ என்பது?

அந்தச் சொல்லை விழுங்கிவிட்டுப் பேசலாம் என்றாலும் வழியில்லை. நம்மைப் போலவே இவர்களுக்கும் வினையின் வாலிலேயே மரியாதை உட்கார்ந்திருக்கிறது. சாப்பிட்டாயா, சாப்பிட்டீர்களா, ஏதாவது ஒன்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அதனால் "காப்பி இருக்கிறதா", "கதவைப் பூட்ட வேண்டுமா" என்று ஆளே இல்லாத வாக்கியங்களாகத் தேடித் தேடிப் பேசுகிறேன். அவருக்குத் தெரிகிறது. என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொள்கிறார்.

பிப்ரவரி 14, புதன்

அந்தம்மா நடையில் போன் பேசிக்கொண்டிருந்தார், அடங்கிய குரலில். தங்கையாக இருக்க வேண்டும். சுவருக்கு இந்தப் பக்கம் நான். அவ்வளவு வேகம். செவ்வாய்க்கிழமை என்றது கேட்டது. மருத்துவமனை என்றது கேட்டது. "பையனிடம் சொல்லிவிடாதே" என்றது முழு வாக்கியமாக, தெளிவாகக் கேட்டது.

மற்றதெல்லாம் ஏன் கேட்கவில்லை? போன மாதம் வரை புரியாத பேச்சு வெறும் சத்தம். இப்போது பாதி புரிகிறது, அந்தப் பாதிதான் தூங்கவிடமாட்டேன் என்கிறது.

பிப்ரவரி 20, செவ்வாய்

நல்ல நாள். ஸ்பானிஷில் ஆளைப் பார்த்தேன் என்றால் 'அ' சேர்க்க வேண்டும், படம் பார்த்தேன் என்றால் வேண்டாம். வகுப்பே திணறுகிறது, ஏன் ஏன் என்று கேட்கிறார்கள். எனக்கு ஏன் என்றே தோன்றவில்லை. படம் பார்த்தேன் என்போம், அப்பா பார்த்தேன் என்போமா? 'மெ குஸ்தா' வந்தபோதும் இப்படித்தான். எனக்குப் பிடிக்கும் என்று சொல்லி வளர்ந்தவளுக்கு அதில் என்ன கஷ்டம்? இரண்டு உயிருக்கு நடுவே வரும் g ஒலி இங்கேயும் இளகிப்போகிறது, 'அகம்' என்பதில் 'க' இளகுவது போலவே. பெரிய குடும்பத்தில் ஒன்றுவிட்ட உறவைக் கண்டுபிடித்த மாதிரி நாள் முழுக்கச் சந்தோஷம்.

காஸ்திலிய மொழிக்கு, அதாவது ஸ்பானிஷுக்கு, நெப்ரிஹா எழுதிய இலக்கணம் 1492இல் அச்சானது இந்த ஊரில்தான். அதே ஊரில் உட்கார்ந்து இலக்கணம் படிக்கிறேன்! ஆசிரியை சொன்னபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

இன்று செவ்வாய். அந்தம்மா எங்கும் போகவில்லை.

பிப்ரவரி 27, செவ்வாய்

காலை எட்டுக்கே கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். சந்தைக்கு என்றார். பை எடுத்துப் போகவில்லை.

மார்ச் 2, சனி

பல்கலைக்கழகத்தின் பழைய கட்டடம். 1218இல் தொடங்கியது. வெளியே சுற்றுலாக் கூட்டம் முகப்பை அண்ணாந்து பார்த்து மண்டையோட்டின் மேலிருக்கும் தவளையைத் தேடிக்கொண்டிருந்தது. நான் உள்ளே துறவிக் கவிஞர் ஃப்ரை லூயிஸ் தே லெயோன் பாடம் நடத்திய அறைக்குப் போனேன். பெஞ்சுகள் என்று சொல்ல முடியாது. ரம்பம் பட்ட வெறும் உத்தரங்கள், நூற்றாண்டுகளாகப் பையன்கள் கீறிய பெயர்கள். 1572இல் இன்க்விசிஷன் என்ற மத விசாரணை மன்றம் அவரைப் பிடித்துக்கொண்டு போனது. பைபிளின் உன்னதப் பாட்டை எபிரேயத்திலிருந்து மக்கள் பேசும் மொழிக்குக் கொண்டுவந்ததும் குற்றங்களில் ஒன்று. ஐந்து வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாகச் சிறை. திரும்பி வந்து, "நேற்று சொல்லிக்கொண்டிருந்தோமே" என்று பாடத்தை ஆரம்பித்தாராம். நடந்ததோ, கட்டியதோ. யாருக்காவது அப்படி ஆரம்பிக்க வாய்த்திருக்க வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது.

அந்தம்மாவின் இடது முழங்கை மடிப்பில் பஞ்சு ஒட்டிய தடம். ஊசி குத்திய இடத்தில் நீலம். சட்டைக்கையை இறக்கிவிட்டுக்கொண்டார்.

மார்ச் 8, வெள்ளி

இன்று யாரோடும் பேசவில்லை. எந்த மொழியிலும்.

மார்ச் 26, செவ்வாய்

புனித வாரம். கூம்புத் தொப்பி முகமூடிகளோடு தெருவில் ஊர்வலம், முரசு மட்டும். அம்மாவுக்கு வீடியோ எடுத்து அனுப்பினேன். வருஷா வருஷம் அந்தம்மா நடந்து போவாராம். இந்த வருஷம் சன்னல். முரசு தெரு திரும்பியதும் ஷட்டரைக் கடகடவென இறக்கிவிட்டு, "மாடிப்படி அதிகம்" என்றார். லிஃப்ட் இருக்கும் கட்டடம் இது.

கேட்டுவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். உடம்புக்கு என்ன என்று கேட்க 'நீ' வேண்டும், இல்லையென்றால் 'நீங்கள்' வேண்டும். இந்தக் கேள்வியை ஆளே இல்லாமல் கேட்க முடியவில்லை.

மார்ச் 31, ஞாயிறு

கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவிட்டார்கள். ஊருக்கும் இங்கேக்கும் நாலரை மணி இருந்தது, இன்றிலிருந்து மூன்றரை. அம்மாவிடம் சொன்னால், "ஒரு மணி நேரம் பக்கத்துல வந்துட்டே" என்கிறாள்.

ஏப்ரல் 8, திங்கள்

லுனெஸ் தெ அகுவாஸ், தண்ணீர்த் திங்கள் என்ற திருநாள். ஊரே தோர்மெஸ் ஆற்றங்கரைப் புல்லில் உட்கார்ந்து ஓர்னாத்தோ சாப்பிடுகிறது. உள்ளே சொரீசோ, இறைச்சி, முட்டை வைத்துச் சுட்ட பெரிய ரொட்டி. தவக்காலத்தில் ஆற்றுக்கு அக்கரைக்குத் துரத்திய விலைமகளிரை, அது முடிந்ததும் மாணவர்கள் படகில் கூட்டிவருவார்களாம், அந்தக் கொண்டாட்டம் என்பார்கள். அந்தப் பெண்கள் அந்த நாற்பது நாளும் என்ன சாப்பிட்டார்கள் என்று யாரும் பேசுவதில்லை.

ரோமானியப் பாலம் தெரியும் இடத்தில் உட்கார்ந்தோம். அந்தம்மா தன் பங்கை எனக்கு வெட்டிக் கொடுத்தார். பிறகு ஆற்றைப் பார்த்தபடி, "வியாழக்கிழமை உனக்குக் காலையில் வகுப்பு இருக்கிறதா?" என்றார். இல்லை என்றேன். இருக்கிறது.

ஏப்ரல் 11, வியாழன்

டாக்டர் இளவயதுக்காரி. கேட்ட முதல் கேள்வி என்னைப் பார்த்து. நீங்கள் யார்? நான் பதில் தேடுவதற்குள் அந்தம்மா, "வீட்டுப் பெண்" என்றார்.

நுரையீரல். ஸ்கேனில் ஒரு நிழல். அதிலிருந்து துளி எடுத்துப் பார்க்க வேண்டும், எடுத்தார்கள். என்னவாகவும் இருக்கலாம், ஒன்றும் இல்லாமலும் போகலாம், அடுத்த வாரம் போன் செய்வோம். எல்லாம் புரிந்தது. ஒரு சொல் விடாமல். பிப்ரவரியிலிருந்து நான் வேண்டிக்கொண்டது இதைத்தான், இப்படியா கிடைக்க வேண்டும்? அந்தம்மா நடுவில் கவனிப்பதை நிறுத்திவிட்டார். கைப்பையின் கொக்கியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். அதனால் நான் எழுதிக்கொண்டேன். எந்த மாத்திரையை நிறுத்த வேண்டும், ரத்தம் வந்தால் எந்த வாசலுக்கு வர வேண்டும், எந்த எண்ணிலிருந்து போன் வரும்.

திரும்பும் வழியில் காப்பி குடித்தோம். "குளிருகிறதா உனக்கு?" என்று கேட்டேன். கேட்டபிறகுதான் கவனித்தேன். அவர் கவனிக்கவில்லை, அல்லது காட்டிக்கொள்ளவில்லை.

ஏப்ரல் 14, ஞாயிறு

சித்திரை ஒன்று. மாங்காய் கிடைக்கவில்லை.

ஏப்ரல் 16, செவ்வாய்

போன் வரவில்லை. அவர் குளிக்கும்போது போனை என் கையில் கொடுத்துவிட்டுப் போகிறார்.

அடித்தது. மருத்துவமனை என்று எடுத்தேன், பில்பாவோவிலிருந்து மகன். நல்ல குரல், நிதானமான பேச்சு, என் ஸ்பானிஷைப் பாராட்டினார். அம்மா எப்படி இருக்கிறார், இருமல் விட்டதா, உண்மையைச் சொல் என்றார். குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம். பையனிடம் சொல்லாதே என்றது சுவர் வழியாகக் கேட்ட பேச்சு, என்னிடம் யாரும் சொன்னதில்லை. குளிக்கிறார், கூப்பிடச் சொல்கிறேன் என்றேன். அது உண்மை. அது மட்டும்தான்.

இது மொழிப் பிரச்சினை இல்லை. தமிழிலும் எனக்கு இதற்கு வாக்கியம் கிடையாது.

ஏப்ரல் 17, புதன்

அவரிடம் சொன்னேன். மகன் கூப்பிட்டார், உண்மையைச் சொல் என்றார், இனிமேல் நான் அந்த போனை எடுக்க வேண்டுமென்றால் நீ அவரிடம் சொல்லியாக வேண்டும் என்றேன். நீ, நீ, நீ என்றே மொத்தமும். ஒரு இடத்திலும் நாக்கு தடுக்கவில்லை. பருப்பு அடுப்பில் இருந்தது, கிளறிக்கொண்டே கேட்டார். "ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்கிறேன்" என்றார். பிறகு, ரிசல்ட் அதற்கு முன் வந்துவிட்டால் என்ன செய்வது என்று என்னைக் கேட்டார்.

நாளை வகுப்புக்குப் போகவில்லை. ஆசிரியைக்கு எழுதிவிட்டேன். போன் ஒன்பதிலிருந்து இரண்டுக்குள் வரும் என்றார்கள்.