யுரேனஸ்ல அரோரா தேடுறேன், இப்போதைய நிலவரம்

அரோரான்னா கிரகத்தோட காந்த துருவத்த சுத்தி மின்னுற ஒளி, அத தேடுறதுல வியாழன் முடிஞ்சு இப்ப யுரேனஸ்ல நிக்கிறேன். ஹப்பிள் விண்வெளி தொலைநோக்கியோட ஸ்டிஸ் கருவி எடுத்த புற ஊதா படங்கள் எல்லாம் மாஸ்ட்ங்கிற ஆன்லைன் ஆர்க்கைவ்ல ஃப்ரீயாவே கிடக்கு, ஃபிட்ஸ்ங்கிற வானியல் பட ஃபைல இறக்கி பைத்தான்ல ஆஸ்ட்ரோபைங்கிற லைப்ரரி வெச்சு திறக்க வேண்டியதுதான். தரையில இருந்து இத பாக்க வழியே இல்ல, 300 நானோமீட்டருக்கு கீழ வர்றத ஓசோன் விழுங்கிடும். மேல போனாலும் பூமிய சுத்தி இருக்கிற ஹைட்ரஜன் 121.6 நானோமீட்டர்ல மினுங்கி படத்த கெடுக்கும், அதனால லைமன் ஆல்ஃபான்னு சொல்ற இந்த ஒளிய வெட்டுற ஃபில்டர் போட்டு எடுத்ததா பாத்து எடுத்துக்கிட்டேன்.

வியாழன் ஈஸிங்க. முழு கிரகமும் ஃபிரேம்ல அடங்காது, ஆனா கான்ட்ராஸ்ட கொஞ்சம் ஏத்தினதுமே துருவத்துல வளையம் பளிச்னு நிக்குது. டைம்டேக்ங்கிற வகை டேட்டால ஒவ்வொரு ஃபோட்டானும் (ஒளித்துகள்) எப்ப வந்துச்சுன்னு பதிவாயிருக்கும், அத இன்ட்டேக்ங்கிற புரோகிராம்ல குடுத்து சின்ன சின்ன துண்டா வெட்டி வரிசையா ஓட விட்டா செமயா இருக்கு! வளையம் கிரகத்தோடயே சுத்துது, வியாழனோட நிலா அயோவால அரோராவுல உண்டாகுற, அயோவோட கால்தடம்னு சொல்ற புள்ளி மட்டும் பின்தங்குது, ஏன்னா வியாழன் 10 மணி நேரத்துக்குள்ள ஒரு சுத்து முடிச்சிடும், அயோவுக்கு 42 மணி நேரத்துக்கு மேல ஆகும், புள்ளி அயோ பின்னாடிதான போகும்.

யுரேனஸ்தான் படுத்துது. மொத்த வட்டே 150 பிக்சல் சொச்சம், அதுவும் சூரிய வெளிச்சம் பட்டு திரும்பி வர்றதுலயே அரோரா அமுங்கிடுது. 2011ல ஹப்பிள்ல புடிச்சப்பவே சூரியப் புயல் அங்க போய் சேர்ற நேரத்த கணக்கு போட்டுத்தான் எடுத்தாங்க. காந்த அச்சு சுழற்சி அச்சுல இருந்து 59 டிகிரி சாஞ்சிருக்கு, சும்மா துருவத்துல தேடி பிரயோஜனமில்ல.

நான் பண்ணது, வேற வேற நாள் படங்கள மையம் சேத்து அடுக்கி ஒவ்வொரு பிக்சலுக்கும் மீடியன் (நடு மதிப்பு) எடுத்தேன், வட்டு மட்டும் தங்கும் இடம் மாறுற பொட்டு போயிடும், அப்புறம் அத ஒவ்வொரு படத்துலயும் கழிச்சேன். ஒண்ணு ரெண்டுல மங்கலா பொட்டு தெரியுது. நிஜ அரோராவா இருந்தா 40 நிமிஷத்துல 14 டிகிரி நகர்ந்திருக்கணும், வட்டு நடுவுல அது 18 பிக்சல் கிட்ட வரும், அளக்கலாம். ஒரு பொட்டு நகருது. இன்னொண்ணு டிடெக்டர்ல அதே இடத்துல ஒட்டிக்கிட்டு கிடக்கு, அத தூக்கிட்டேன்.

அடுத்து அந்த பொட்டு கிரகத்துல எந்த தீர்க்கரேகைல இருக்குன்னு பாக்கணும், அதுக்கு சுழற்சி நேரம் துல்லியமா வேணும். 2025ல அரோராவ வெச்சே திருத்தின சுழற்சி நேரம் 17 மணி 14 நிமிஷம் 52 செகண்டு, வாயேஜர் விண்கலம் குடுத்த பழைய மதிப்பு 28 செகண்டு கம்மி, அதையே வெச்சு ஓட்டினா ஒரே வருஷத்துல 80 டிகிரிக்கு மேல தள்ளிப் போயிடும். அதான் எல்லா வருஷ படத்தையும் புது மதிப்புல திரும்ப ஓட்டிட்டு இருக்கேன்.