ஷீட்டில் நேரக் கணக்கு: காசு கரையும் இடங்கள்

ஃப்ரீலான்ஸ் வேலைக்கு நேரம் குறிக்கத் தனி ஆப் கட்டாயமில்லை, கூகுள் ஷீட்ஸ் போதும். தேதி, கிளையன்ட், வேலை, தொடக்கம், முடிவு, ஆன நேரம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி (column). கடைசியில் பில்லில் சேருமா சேராதா என்று ஒரு பத்தி.

வம்பு பெருக்கும்போதுதான். 7 மணி 20 நிமிட வேலை, மணிக்கு 600 ரூபாய் என்றால் 4,400 வர வேண்டும். நேரத்தை நேராக 600-ஆல் பெருக்கினால் 183.33 என்று காட்டும். ஷீட் ஒரு முழு நாளை 1 என்று வைத்து, மணியை அதன் பின்னமாகச் சேமிக்கிறது. கூடவே 24-ஆலும் பெருக்குங்கள். அவசரத்தில் 7.20 என்று கையால் அடிப்பவருக்கு 80 ரூபாய் போச்சு. 20 நிமிடம் என்பது 0.33 மணி.

வாரக் கூட்டல் 26:30-க்குப் பதில் 2:30 என்று வந்தால், ஃபார்மேட் மெனுவில் நம்பர், அதற்குள் டியூரேஷன். இரவு 22:30-க்குத் தொடங்கி 1:10-க்கு முடித்தால் விடை மைனஸில் போகும். அந்த வரியில் மட்டும் 1 கூட்டினால் 2:40 சரியாக வரும்.

கிளையன்ட் போன், திருத்தம், ஃபைல் அனுப்புவது, எல்லாவற்றுக்கும் தனி வரி போடுங்கள். சாயங்காலம் ஞாபகத்திலிருந்து எழுதினால் முதலில் விட்டுப்போவது இவைதான்.